பனிமலையினின்று இறங்கி வந்த பிள்ளை

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பது நம்மவர் பழமொழி. பிள்ளைகளின் திறமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதனைச் சொல்லி மகிழ்கிறோம். ஆயினும், முளைத்தது ஒரு வயலிலும் விளைந்தது வேறொரு வயலிலுமாக அமைந்த வாழ்க்கைகளும் உலகில் உண்டு. இத்தாலி நாட்டு டென்னிஸ் வீரர் யானிக் சின்னரின் இளமைப் பருவம் அத்தகையது. 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில், உலக ஒற்றையர் தரவரிசையின் முதலிடத்தை அடைந்த முதல் இத்தாலியர் என்னும் பெருமையை அவர் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. ஆனால் எட்டு வயதில் அவரைக் கண்டவர்கள் எவரும் அவரை டென்னிஸ் வீரராக எண்ணியிருக்க மாட்டார்கள். பனிச்சறுக்கு வீரராகவே எண்ணியிருப்பார்கள்.

அவருடைய பெரிய வெற்றிகளைப் பற்றி நாளிதழ்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டன. அவ்வெற்றிகளுக்கு முற்பட்ட ஆண்டுகளைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம். பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரங்களில் பிள்ளைகளை வளர்த்து வரும் நம்மனோர்க்கு, அவ்வாண்டுகளில் சிந்திக்கத்தக்கவை பல உள.

இரு பெயர் கொண்ட ஊர்கள்

இத்தாலியின் வடகோடியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, தென் டிரோல் என்னும் மலைநாடு இருக்கிறது. முதல் உலகப் போர் முடியும் வரையில் அது ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. போருக்குப் பின் ஏற்பட்ட 1919ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் இத்தாலிக்கு உரியதாயிற்று. நாடு மாறிற்று, மக்களின் மொழி மாறவில்லை. முசோலினியின் ஆட்சியில் அங்கிருந்த ஜெர்மன் மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. ஊர்ப்பெயர்களுக்கும் இத்தாலிய வடிவம் தரப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நெடுங்காலம் பேச்சு வார்த்தைகள் நடந்தன. 1972ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்தின் பின்னரே அம்மக்களின் மொழியுரிமை உறுதி பெற்றது.

இன்றும் அங்கு வாழ்வோரில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டோர் ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஊர்களுக்கெல்லாம் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. இத்தாலியர் சான் காண்டிடோ என்று அழைக்கும் ஊரையே ஜெர்மன் பேசுவோர் இன்னிகென் என்பர். அவ்வூரில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் யானிக் சின்னர் பிறந்தார். வளர்ந்தது அருகிலுள்ள செஸ்டோ என்னும் சிற்றூரில். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், டோலமைட் மலைத்தொடரின் நெடும்பாறைகள் சூழ அமைந்த ஊர் அது. மக்கள்தொகை இரண்டாயிரத்தை எட்டாது.

தந்தையார் மலைச்சுற்றுலா விடுதி ஒன்றில் சமையல் தொழில் செய்தவர். தாயார் அதே விடுதியில் உணவு பரிமாறும் பணியில் இருந்தவர். செல்வக் குடும்பம் அன்று. காலை முதல் இரவு வரை உழைக்கும் குடும்பம். வீட்டில் பேசியது ஜெர்மன். இத்தாலிய மொழி பள்ளியில் கற்றது. வீட்டிற்கு ஒரு மொழியும் வெளியிற்கு ஒரு மொழியுமாக வளரும் பிள்ளைகளின் நிலை நமக்குப் புதியதன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் அவ்வாறுதானே வளர்கிறார்கள்?

பனியும் பந்தும்

மலைநாட்டுப் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு, கடற்கரைப் பிள்ளைகளுக்கு நீச்சல் போன்றது. யானிக்கும் நடை பழகிய சில ஆண்டுகளிலேயே சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டார். 2008ஆம் ஆண்டில், சிறுவர் பிரிவில் நாடளாவிய போட்டி ஒன்றில் முதலாவதாக வந்தார். 2012ஆம் ஆண்டில் இரண்டாமிடம் பெற்றார். அவர் வென்ற பிரிவு, சரிவில் நட்ட கொடிகளுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் பிரிவு. டென்னிஸ் அக்காலத்தில் அவருக்குப் பொழுதுபோக்கு மட்டுமே. வாரத்திற்கு இரண்டொரு நாள் மட்டையைத் தொடுவார். ஏழு வயதில் அதனையும் கைவிட்டு ஓராண்டு விலகியிருந்தார். தந்தையார் எடுத்துச் சொல்லியே மீண்டும் ஆடத் தொடங்கினார். காற்பந்தாட்டமும் உடன் இருந்தது.

பதின்மூன்றாம் வயதில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய காலம் வந்தது. நன்றாக வந்த ஆட்டத்தையே தேர்ந்துகொள்வது உலக வழக்கு. அவரோ பதக்கங்கள் தந்த பனிச்சறுக்கை விட்டு டென்னிஸை எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் பின்னாளில் கூறிய காரணம் மிகவும் ஆழ்ந்தது. பனிச்சறுக்கில் ஒரு பெரிய பிழை செய்தால் அத்துடன் போட்டி போயிற்று. டென்னிஸிலோ பல பிழைகள் செய்தும் வெல்லலாம் என்பதே அது.

இதனைச் சற்று விளக்கிக் கூறுதல் நலம். சரிவில் இறங்கும் ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிட அளவில் முடிந்துவிடும். ஒரு கொடியைத் தவற விட்டால் ஆட்டக்காரர் நீக்கப்படுவார். மாதக்கணக்கான பயிற்சி ஒரு நொடியில் வீணாகும். டென்னிஸ் ஆட்டத்தின் அமைப்பு வேறு. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே தொடங்குகிறது. முந்திய புள்ளியில் செய்த தவறு அடுத்ததைக் கெடுக்க வேண்டுவதில்லை. ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் ஆடப்படுகின்றன. அவற்றில் பாதிக்குச் சற்றே குறைந்த அளவை இழந்துதான் வெற்றி பெறுபவரும் வெற்றி பெறுகிறார். மொத்தப் புள்ளிகளைக் கணக்கிட்டால் தோற்றவரே கூடுதலாகப் பெற்றிருப்பதும் உண்டு. ஆகவே அவ்வாட்டத்தில் தேர்ச்சி பெற விரும்புவோர் முதலில் கற்க வேண்டியது, இழந்ததை மறந்து அடுத்த பந்திற்கு ஆயத்தமாவது. பதின்மூன்று வயதுச் சிறுவர் ஒருவர் இவ்வுண்மையை உணர்ந்தது வியக்கத்தக்கது.

வீடு நீங்கிய நாள்

ஆனால் மலையூரில் இருந்துகொண்டு உயர்ந்த டென்னிஸ் பயிற்சி பெறுதல் இயலாது. அதற்கு இத்தாலியின் மற்றொரு கோடிக்குச் செல்ல வேண்டியிருந்தது. தென்மேற்கே, பிரெஞ்சு எல்லைக்கு அருகில், லிகூரியக் கடற்கரையில் போர்டிகேரா என்னும் ஊர் உள்ளது. பனியையே கண்டு வளர்ந்தவருக்குப் பனைவகை மரங்கள் நிறைந்த அக்கடற்கரை முற்றிலும் புதிய உலகம். அங்கு ரிக்கார்டோ பியாட்டி என்னும் புகழ்பெற்ற பயிற்சியாளர் இளைஞர்களைப் பழக்கி வந்தார். குரோவேஷிய வீரர் இவான் லுபிசிச் உலகின் மூன்றாம் இடம் வரை உயர்ந்தபோது அவருக்குப் பயிற்சியாளராய் இருந்தவர் இவரே. நோவக் ஜோகோவிச்சும் தொடக்க காலத்தில் சிறிது காலம் இவரிடம் பயின்றவர்.

யானிக்கை அவ்விடம் சேர்ப்பதற்குத் துணை நின்றவர் மாசிமோ சார்டோரி. தென் டிரோலைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் செப்பி என்னும் வீரரை நெடுங்காலம் பயிற்றுவித்தவர் அவர். ஜெர்மன் பேசும் மலைநாட்டுப் பிள்ளை இத்தாலியக் கொடியின் கீழ் ஆடி உலகின் இருபது பேருள் ஒருவராகலாம் என்பதைச் செப்பி முன்னரே காட்டியிருந்தார். முன்னே ஒருவர் நடந்து சென்ற வழி பின்னே வருபவருக்குத் துணிவு தருவது இயல்பன்றோ?

பதின்மூன்று வயதில் பெற்றோரையும் உடன்பிறந்தவரையும் பிரிந்து, பல நூறு கிலோமீட்டர் தொலைவில், பயிற்சியாளர் ஒருவரின் குடும்பத்துடன் தங்கினார். அன்று வரை பள்ளிப் பாடமாய் இருந்த இத்தாலிய மொழி அன்று முதல் அன்றாட மொழியாயிற்று. பழகாத ஊர், பழகாத பேச்சு, பழகாத உணவு. இவற்றின் நடுவே நாள்தோறும் களத்தில் பல மணி நேரப் பயிற்சி.

பெற்றோரின் நிலையை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளை வெல்வான் என்பதற்கு அவர்களிடம் எவ்வகை உறுதிச் சீட்டும் இல்லை. பனிச்சறுக்கில் கையிலிருந்த வெற்றியை விட்டுக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நாடிச் சென்ற பிள்ளை அவர். இருந்தும் தடுக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. 2024ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலியப் போட்டியின் கோப்பையைக் கையில் ஏந்தியபோது சின்னர் முதன்மையாகக் கூறியவற்றுள் ஒன்று இதுவே. தம் பெற்றோர் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தமக்குத் தந்தனர் என்றும், ஒருபோதும் நெருக்கியதில்லை என்றும், அத்தகைய பெற்றோர் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்க்க வேண்டும் என்றும் அவர் கூறினார்.

தோற்பதற்கென்றே சென்ற களங்கள்

டென்னிஸில் முன்னேற விரும்பும் சிறுவர்கள் பொதுவாக ஒரு படிவரிசையைப் பின்பற்றுவர். பதினெட்டு வயதிற்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டிகளில் ஆடிப் பெயர் பெற்று, அதன்பின் பெரியவர்களின் களத்தில் அடி வைப்பர். நம் இராமநாதன் கிருஷ்ணன் 1954ஆம் ஆண்டில் விம்பிள்டன் சிறுவர் கோப்பையை வென்று, அப்பெருமையைப் பெற்ற முதல் ஆசியராகத் திகழ்ந்ததை நம்மில் மூத்தோர் நன்கு அறிவர். பின்னர் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவர் அதே விம்பிள்டனில் பெரியவர்களின் அரையிறுதியை எட்டினார். 1960ஆம் ஆண்டில் அவருடன் அரையிறுதி கண்ட மற்றொருவர் இத்தாலியின் நிக்கோலா பியட்ராஞ்சலி. கிருஷ்ணனைப் பயிற்றுவித்தவர் அவருடைய தந்தையாரே என்பதும் நினைவு கூரத்தக்கது.

சின்னர் சென்ற வழி இதற்கு மாறானது. சிறுவர் பிரிவில் அவர் பெற்ற மிக உயர்ந்த தரவரிசை 133. நான்கு பெரும் போட்டிகளில் எதிலும் சிறுவர் பிரிவின் முதன்மைச் சுற்றில் அவர் ஆடியதில்லை. சமவயதினரை வென்று கோப்பைகள் சேர்ப்பதைக் காட்டிலும், தம்மினும் வலியவரிடம் தோற்று ஆட்டம் கற்பதே நலம் எனப் பயிற்சியாளர் கருதினார். ஆகவே 2018ஆம் ஆண்டு முதல், பதினாறு வயதிலேயே, தொழில்முறைப் போட்டிகளின் அடிமட்டப் படியில் அவர் இறங்கினார்.

அப்படிகள் மூன்று. கீழ்ப்படியில் சிறு ஊர்களில் நடக்கும் சிறு பரிசுத் தொகைப் போட்டிகள். பார்ப்பவர் சிலரே இருப்பர். நடுப்படி சேலஞ்சர் எனப்படுவது. மேற்படியே நாம் தொலைக்காட்சியில் காணும் பெரிய போட்டிகள். கீழ்ப்படியில் ஆடுவோர் பலர் வந்த செலவிற்கும் காணாத வருவாயுடன் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றுபவர்கள். அவர்களிடம் பதினாறு வயதுப் பிள்ளை அடிக்கடி தோற்றது வியப்பன்று. தோல்வியின் ஊடே அவர் எதனைக் கற்றார் என்பது 2019ஆம் ஆண்டில் விளங்கிற்று.

ஓராண்டில் ஏறிய ஏணி

2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இத்தாலியின் பெர்கமோ நகரில் சேலஞ்சர் போட்டி ஒன்று நடந்தது. அப்போது சின்னரின் தரவரிசை 546. சிறப்பு அனுமதியின் பேரிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. சேலஞ்சர் போட்டிகளின் முதன்மைச் சுற்றில் அதற்கு முன் ஓர் ஆட்டத்தையும் அவர் வென்றதில்லை. அத்தகையவர் அடுத்தடுத்து வென்று கோப்பையையே கைப்பற்றினார். பதினேழு வயதில் சேலஞ்சர் கோப்பை வென்ற இத்தாலியர் அதற்கு முன் எவரும் இலர்.

ஏப்ரலில் புடாபெஸ்ட் நகரில் தகுதிச் சுற்றில் தோற்றார். ஆயினும் ஒருவர் விலகியமையால் ஒழிந்த இடம் இவருக்குக் கிடைத்தது. கிடைத்த வாய்ப்பில் மேற்படிப் போட்டியின் முதல் வெற்றியைப் பெற்றார். மே திங்களில் உரோமாபுரியில் அமெரிக்கர் ஸ்டீவ் ஜான்சனுடன் ஆடினார். முதல் செட்டை 1–6 என இழந்தவர், அடுத்த இரண்டையும் 6–1, 7–5 என எடுத்து வென்றார். பிழை செய்தும் வெல்லலாம் என்று அவர் தேர்ந்துகொண்ட ஆட்டம், தன் இயல்பை அன்று அவருக்கு மெய்ப்பித்துக் காட்டியது.

ஆகஸ்டில் நியூயார்க் பெரும் போட்டிக்குத் தகுதிச் சுற்றுகளை வென்று நுழைந்தார். முதல் ஆட்டத்திலேயே மூன்று பெரும் போட்டிகளை வென்றிருந்த ஸ்டான் வாவ்ரிங்காவை எதிர்கொண்டு நான்கு செட்டுகளில் தோற்றார். அக்டோபரில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில், அப்போட்டியின் முதல் நிலை வீரரான கெய்ல் மான்ஃபில்ஸை வீழ்த்தி அரையிறுதி சென்றார். நவம்பரில் மிலான் நகரில், 21 வயதிற்கு உட்பட்டோருள் சிறந்த எண்மருக்கான போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் அப்போது உலகின் 18ஆம் இடத்திலிருந்த ஆஸ்திரேலியர் அலெக்ஸ் டி மினார் 4–2, 4–1, 4–2 என இவரிடம் தோற்றார். அப்போட்டியில் செட்டுக்கு நான்கு கேம்களே கணக்கு. ஆண்டின் இறுதியில் சின்னரின் தரவரிசை 78. பிப்ரவரியில் 546, டிசம்பரில் 78!

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று உலகையே முடக்கியது. பாரிஸ் நகரப் பெரும் போட்டி செப்டம்பர், அக்டோபர் திங்களுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அங்கு முதன்முறையாக ஆடிய சின்னர் காலிறுதி வரை சென்றார். 2005ஆம் ஆண்டில் நடால் செய்தது போல, முதல் வருகையிலேயே காலிறுதி கண்டவர் இவரே. காலிறுதியில் அதே நடாலிடம் தோற்றார். முதல் செட் மட்டும் 7–6 வரை நீண்டது. நவம்பரில் பல்கேரியாவின் சோபியா நகரில் மேற்படிப் போட்டியின் முதல் கோப்பையை வென்றார். அப்போது வயது பத்தொன்பது.

ஏற்றத்தின் நடுவே இறக்கம்

இது வரை படித்தோர், ஏறுமுகமே கண்ட வாழ்க்கை போலும் எனக் கருதலாம். அவ்வாறன்று. 2021ஆம் ஆண்டு மியாமி இறுதியாட்டத்தில் நண்பர் ஹூபர்ட் ஹுர்காச்சிடம் தோற்றார். அவ்வாண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற்குச் செல்லாமல், தம் ஆட்டத்தைச் செப்பனிட வேண்டும் என்று விலகினார். நாட்டில் பலர் குறை கூறினர். ஜெர்மன் பேசும் இவர் மெய்யாகவே இத்தாலியர்தாமா என்று கேட்டவர்களும் இருந்தனர். எல்லைப்புற மக்களும் குடிபெயர்ந்த மக்களும் அடிக்கடி கேட்க நேரும் கேள்வி இது. அதற்குச் சொல்லால் விடை கூற அவர் முனையவில்லை.

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் பியாட்டியை விட்டுப் பிரிந்தார். சிறுவயது முதல் தம்மை உருவாக்கியவரை விட்டுச் செல்வது எளிதன்று. சிமோனே வான்யோட்சி புதிய பயிற்சியாளரானார்; அவ்வாண்டின் நடுவில் ஆஸ்திரேலியர் டேரன் கேஹில் துணை சேர்ந்தார். விம்பிள்டன் காலிறுதியில் ஜோகோவிச்சை எதிர்த்து முதல் இரண்டு செட்டுகளை வென்று, பின் மூன்றையும் இழந்தார். நியூயார்க் காலிறுதியில் ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸுடன் ஐந்தே கால் மணி நேரம் ஆடினார். நான்காம் செட்டில் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலை வந்தது, அப்புள்ளி கைகூடவில்லை. ஆட்டம் விடியற்காலை 2 மணி 50 நிமிடத்திற்கு முடிந்தபோது அவர் தோற்றிருந்தார்.

அடுத்த ஆண்டு நவம்பரில் நிலை தலைகீழாயிற்று. ஸ்பெயினின் மலகா நகரில் டேவிஸ் கோப்பை அரையிறுதி. எதிரே செர்பியாவின் ஜோகோவிச். இம்முறை ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலை எதிரிக்கு மூன்று முறை அடுத்தடுத்து வாய்த்தது. மூன்றையும் சின்னர் தடுத்தார், ஆட்டத்தையும் வென்றார். இறுதியில் இத்தாலி ஆஸ்திரேலியாவை வென்று, 1976ஆம் ஆண்டிற்குப் பின் முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. இத்தாலியர்தாமா என்ற கேள்விக்கு அதுவே விடை.

இரு திங்கள் கழித்து, 2024 ஜனவரியில், ஆஸ்திரேலியப் போட்டியின் இறுதியாட்டம். ரஷ்யர் டேனில் மெத்வதேவ் முதல் இரண்டு செட்டுகளையும் 6–3, 6–3 என எடுத்துவிட்டார். சரிவில் கொடியைத் தவற விட்ட நிலை அது. ஆனால் இது பனிச்சரிவு அன்று. சின்னர் எஞ்சிய மூன்றையும் 6–4, 6–4, 6–3 என வென்றார். 1976ஆம் ஆண்டில் பாரிஸில் வென்ற அட்ரியானோ பனட்டாவிற்குப் பின் பெரும் போட்டியில் ஒற்றையர் கோப்பை ஏந்திய இத்தாலிய ஆடவர் இவரே.

உயர்ந்த பின்னரும் சோதனை நீங்கவில்லை என்பதையும் மறைக்காமல் கூறுதல் கடன். 2024 மார்ச்சில் எடுத்த சோதனைகளில் தடை செய்யப்பட்ட மருந்தொன்றின் மிகச் சிறு அளவு அவர் உடலில் காணப்பட்டது. இயன்முறைச் சிகிச்சையாளர் தம் விரற்காயத்திற்கு இட்ட மருந்து, பிடித்துவிடும்போது ஒட்டியது என்ற விளக்கத்தைத் தனி நடுவர் மன்றம் ஏற்று, அவர் மீது குற்றமில்லை என்றது. ஊக்கமருந்துத் தடுப்பு உலக அமைப்பு மேல் முறையீடு செய்தது. முடிவில், தம்முடன் பணிபுரிவோரின் கவனக்குறைவிற்கும் தாமே பொறுப்பு என்ற அடிப்படையில், 2025 பிப்ரவரியில் மூன்று திங்கள் விலக்கத்தை அவர் ஏற்றார். அவ்வாண்டு ஜூலையில் விம்பிள்டன் கோப்பையை வென்றார்.

நாம் எண்ணத்தக்கது

இவ்வரலாற்றைப் படித்து, நம் பிள்ளைகளையும் பதின்மூன்று வயதில் எங்கேனும் அனுப்பிவிட வேண்டும் என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. அவ்வாறு சென்று பெயர் தெரியாமற் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். வீட்டிலிருந்தே தந்தையிடம் கற்று உலகப் புகழ் எய்திய கிருஷ்ணனும் நம் கண்முன் இருக்கிறார். வழி ஒன்றே அன்று.

எண்ணத்தக்கது வேறு. நம்மில் பலர் பிள்ளைகளின் வாழ்வைப் பனிச்சரிவு ஓட்டமாகவே கருதிவிடுகிறோம். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால், ஒரு கல்லூரியில் இடம் தவறினால், எல்லாம் முடிந்தது போலக் கலங்குகிறோம். நம் கலக்கத்தைக் கண்டு பிள்ளைகளும் கலங்குகிறார்கள். அயலூரில் வாழ்வதால், இங்குத் தவறினால் தாங்குவார் யாருமில்லை என்ற அச்சம் நமக்குச் சற்று மிகுதியும் கூட. அந்த மலையூர்ச் சமையற்காரர் குடும்பம் மகனுக்குத் தந்த பெருஞ்செல்வம் பயிற்சிக் கட்டணம் அன்று. தோற்றுத் திரும்பினாலும் வீடு இருக்கிறது என்ற உறுதியே. அதனைத் தருவதற்குப் பொருட்செலவு இல்லை. அடுத்த முறை மதிப்பெண் பட்டியலுடன் பிள்ளை வாயிற்படியில் தயங்கி நிற்கும்போது, முதலில் உள்ளே அழைத்து உணவிடுவோம். மற்றவற்றைப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம்.